ஜனவரியில் கம்லூப்ஸ் போகும் பிள்ளைகளுக்கு: ஊர் வானிலையை விடுங்கள், கணவாயைப் பாருங்கள்

லீவுக்குக் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறேன். ஜனவரி செமஸ்டருக்கு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள கம்லூப்ஸுக்குக் கிளம்பும் பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: “வேன்கூவரில் மத்தியானம் இறங்கினால் அன்று ராத்திரியே கம்லூப்ஸ் பஸ் பிடித்துவிடலாமா?” பாலக்கோட்டிலிருந்து போன் செய்த அக்காவிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வேண்டாம். ஒரு ராத்திரி வேன்கூவரில் தங்கட்டும். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

போனில் கம்லூப்ஸ் என்று போட்டால் 2 டிகிரி, லேசான மேகம் என்று காட்டும். உடனே டிக்கெட் போட்டுவிடுகிறோம். கம்லூப்ஸ் ஆற்றங்கரையில், சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர். வேன்கூவர் கடலோரம், குளிர்காலத்தில் பெரும்பாலும் மழைதான். ஆனால் நடுவில், ஹோப் தாண்டியதும் ஏறுகிற கோக்விஹல்லா நெடுஞ்சாலையின் உச்சி 1,244 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஹோப்பில் 3 டிகிரியில் மழை தூறுகிற அதே நேரம் மேலே மைனஸ் 4-ல் பனி கொட்டிக்கொண்டிருக்கும். பசிபிக் கடலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போதே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. மிச்சம் மீதிதான் கம்லூப்ஸுக்கு. அதனால் கிளம்புகிற ஊரையும் சேருகிற ஊரையும் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

வானிலை அறிக்கையில் ‘ஃப்ரீசிங் லெவல்’ என்று, அதாவது வெப்பம் 0 டிகிரிக்கு இறங்குகிற உயரம் என்று, ஓர் எண் போட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள். உச்சியைவிடக் கீழே இருந்தால் மேலே விழுவது பனி. உச்சியை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் தொல்லை. ஐஸ் அதிகமாக வழுக்குவது 0 டிகிரிக்குப் பக்கத்தில்தான். மைனஸ் 15 என்றதும் அம்மாக்கள் பதறுகிறார்கள்; நான் மைனஸ் 1-ஐப் பார்த்துத்தான் பயப்படுவேன்.

அப்புறம் டிரைவ்பிசி தளம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு நடத்துவது. சாலைக் கேமராப் படங்களை ஊத்தங்கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். கிரேட் பேர் ஸ்னோஷெட், சோப்கியோஸ் என்ற பெயர்களில் உள்ளவற்றைப் பாருங்கள். நமக்குப் பகல் என்றால் அங்கே ராத்திரி, படம் இருட்டாக இருக்கும். வண்டி லைட் விழுகிற இடத்தில் ரோட்டை மட்டும் கவனியுங்கள். கறுப்பாக, கோடு தெரிந்தால் சரி. டயர் போன தடம் மட்டும் கறுப்பு, நடுவில் வெள்ளை வரப்பு என்றால் பஸ் ஊர்ந்துதான் வரும். கோடே தெரியவில்லை, டிரக் லைட்டுகள் அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் நிற்கின்றன என்றால் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றுங்கள்.

நம் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அதே கதைதான், ரோட்டையே மூடிவிடுவார்கள். ஆனால் இறங்கி டீ குடிக்க முடியாது. ஹோப்பிலிருந்து மெரிட் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கடை கிடையாது. எனவே ஜாக்கெட், கையுறை, தண்ணீர், பவர் பேங்க், கொஞ்சம் முறுக்கு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிக்குள் வைத்தால் பஸ்ஸின் அடியில் போய்விடும்.

ரோடு மூடினால் மேப் வேறு வழி காட்டும். 3-ம் நெடுஞ்சாலையின் அலிசன் கணவாய் 1,342 மீட்டர், கோக்விஹல்லாவைவிட உயரம்! அந்த வழியில் போய் என்ன மிச்சம்?

“நம்ம ஊர் சீனியர் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறார்” என்பவர்கள் டயரைப் பற்றிக் கேளுங்கள். அந்த மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம், பள்ளம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர். எம்+எஸ் (சேறு, பனிக்கான டயர்) முத்திரை இருந்தாலே சட்டப்படி செல்லும். என்னைக் கேட்டால் மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை உள்ளதுதான் வேண்டும். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். டயரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல அண்ணன் என்றால் அனுப்புவார்.

வேன்கூவரிலிருந்து கம்லூப்ஸுக்கும் விமானத்திலேயே போனால் இந்தத் தலைவலி இல்லையா என்றால், பாதி இல்லை. குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி மூடுபனி உட்கார்ந்துவிட்டால் விமானம் இறங்க முடியாது. பெங்களூரிலிருந்து கம்லூப்ஸ் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தவறிப்போனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. தனித்தனியாக எடுத்தால் உங்கள் பாடு.

அதே மாகாணத்தில் உள்ள காசில்கார் ஊர்க் கல்லூரிக்குப் போகிறவர்கள் இன்னும் தாராளமாக நாள் விடுங்கள். மலைகள் நெருக்கிய விமான நிலையம் அது, குளிர்காலத்தில் ரத்து சகஜம். ஓரியன்டேஷனுக்கு முந்தின நாள் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடவே கூடாது. தாமதமானால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அன்றே மெயில் போட்டுவிடுங்கள்.