தாம்பரத்துக்கு அப்பால் முதல் வீடு: பள்ளிக்கு அருகில் உள்ள அடுக்கக வீடா, தள்ளியுள்ள தனி வீடா?

குரோம்பேட்டை வாடகைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ஐந்து ஆண்டுகளாகக் குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கிண்டியில் வேலை, அவருக்கு மறைமலை நகரில். மகளுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது; வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்ப்பதற்குள் சொந்த வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் நெருக்குகிறார்கள். இரண்டு இடங்கள் எங்கள் கணக்குக்குள் வருகின்றன. முதலாவது, முடிச்சூர் பக்கம் 2017இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு. கேட்கும் விலை 62 லட்சம் ரூபாய். பெயர் பெற்ற சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்று அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. இரண்டாவது, கூடுவாஞ்சேரி நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, 800 சதுர அடி மனையில் பழைய தனி வீடு. விலை ஏறக்குறைய அதேதான், ஆனால் பள்ளிக்கு வேன் வைத்தாக வேண்டும். கையில் 17 லட்சம் இருக்கிறது. நகையைத் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். பள்ளிக்காக முதல் வீட்டை வாங்குவது சரியா?

பழைய தாம்பரத்தான்:

தம்பி, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது பள்ளி அன்று, 'முடிச்சூர்', 'தரைத்தளம்' என்ற இரண்டு சொற்கள்தாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்ததை நேரில் பார்த்தவன் நான். ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அந்த வழியாகத்தான் ஆற்றுக்கு வர வேண்டும். அதன் பிறகு கால்வாய்களும் கரைகளும் சீரமைக்கப்பட்டன என்பது உண்மைதான். என்றாலும் அங்கே எல்லாத் தெருவும் ஒரே மட்டத்தில் இல்லை. நீங்கள் பார்த்த கட்டடம் வெள்ளத்துக்குப் பின் எழுந்தது என்பதால் அதன் சுவரில் எந்தக் கறையும் இருக்காது, விற்பவரும் 'ஒரு சொட்டு நீர் வந்ததில்லை' என்று மனசாட்சியோடு சொல்லிவிடலாம். ஆகவே அவரைக் கேட்காதீர்கள். அதே தெருவில் பதினைந்து ஆண்டுகளாகக் குடியிருப்பவரையும், இஸ்திரி போடுபவரையும், மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள். பள்ளியை மாற்றிக்கொள்ளலாம், பள்ளத்தை மாற்ற முடியாது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தரகர் அன்றைக்கு மட்டும் ஊரில் இல்லை என்று சொன்னால் அதிலிருந்தே ஒன்று புரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

வெளிநாடுகள் சிலவற்றில் வீட்டு முகவரியை வைத்து அரசுப் பள்ளியில் இடம் ஒதுக்குவார்கள். அங்கே பள்ளிக்காக வீடு வாங்குவதில் பொருள் உண்டு. இங்கே தனியார் பள்ளியின் வாசலிலேயே வீடு வாங்கினாலும் இடம் உறுதி என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களுக்கு அருகாமை பார்க்கப்படுகிறது என்றாலும், அது நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கானது. 62 லட்சத்துக்கு வீடு வாங்குபவர்களுக்கு அன்று. கேந்திரிய வித்யாலயாவிலோ பெற்றோர் மத்திய அரசுப் பணியில் இருக்கிறார்களா என்பதே முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் பள்ளியில் இடம், பிறகு வீடு என்ற வரிசையே பாதுகாப்பானது.

அந்தப் பள்ளியையும் எல்.கே.ஜி. வகுப்பறையின் வண்ணச் சுவர்களை வைத்து எடை போடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கீகாரம் உண்டா, ஆறாம் வகுப்புக்கு மேல் எத்தனை பிரிவுகள் இருக்கின்றன, கணக்கும் அறிவியலும் நடத்துபவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கும் பள்ளிக்குப் பெயர் மட்டும் நிலைத்திருப்பதை முப்பது ஆண்டுப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பத்திரப் பைத்தியம்:

பணக் கணக்கை யாரும் தொடவில்லை என்பதால் நான் தொடுகிறேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி; பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. 62 லட்சத்துக்கு அதிகபட்சக் கடன் 49 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் கையிலிருந்து 12 லட்சத்து 40 ஆயிரம் போக வேண்டும். மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 5 லட்சத்து 58 ஆயிரம். கூட்டினால் ஏறத்தாழ 18 லட்சம். தரகருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுப்பதற்கு முன்பே உங்கள் 17 லட்சம் தீர்ந்துவிட்டது. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருடையது. இதைப் பலர் மறந்துவிட்டுப் பின்னர் அறிவிப்பு வந்ததும் திகைக்கிறார்கள்.

அடுக்கக வீட்டில் சதுர அடியைவிட, உங்கள் பெயரில் எழுதப்படும் நிலத்தின் பிரிபடாத பாகம் (மொத்த மனையில் உங்களுக்குச் சேரும் பங்கு) எவ்வளவு என்பதைப் பாருங்கள். திட்ட அனுமதியில் காட்டிய தளங்களுக்கு மேல் கட்டியிருந்தால் அந்தப் பாகத்தின் கணக்கே கலங்கிப்போகும். தனி வீட்டுக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பவை முதற்கேள்விகள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுக்காவது எடுங்கள். ஆனால் பதிவாகாத அடமானமும் வாய்மொழி உடன்படிக்கையும் அதில் தெரியாது என்பதால் அசல் தாய்ப்பத்திரத்தை (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம்) கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். என் மைத்துனர் நகலை நம்பி இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பெற ஒன்றரை ஆண்டு அலைந்தார்.

குரோம்பேட்டை வாடகைவாசி:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முடிச்சூருக்குப் போய் நான்கு வீடு தள்ளி உள்ள ஒரு பெரியவரிடம் பேசினோம். 2015இல் நீர் நின்ற உயரத்தைத் தம் மதில் சுவரில் கையால் காட்டினார். என் மார்பளவு இருந்தது. தரைத்தள வீட்டை விட்டுவிட்டோம். அதே குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது; மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தால் அங்கே ஓராண்டு இருந்து பார்க்கலாம் என்று மனைவி சொல்கிறார். கூடுவாஞ்சேரி வீட்டுக்காரர் அசல் பத்திரம் வங்கியில் இருப்பதாகச் சொல்வதால், கடன் நிலுவையையும் அங்குள்ள ஆவணங்களின் பட்டியலையும் வங்கியின் கடிதத்தில் கேட்டிருக்கிறோம். கடிதம் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.