புதுப்பிப்பு: அகமதாபாத்தில் யூதக் குடும்பங்களைத் தேடிய கதை

இங்கே குடிவந்த புதிதில், "அகமதாபாத்தில் யூதர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தேன். கணவர் மும்பையில் வளர்ந்த, பெனே இஸ்ரேல் என்ற பிரிவைச் சேர்ந்த யூதர், நான் மதுரைக்காரி. 1934இல் கட்டிய மாகேன் ஆபிரகாம் ஜெப ஆலயத்தைப் பலரும் சொன்னீர்கள். நன்றி.

அங்கே போகும் முன்பே ஆள் கிடைத்துவிட்டார்! எங்கள் குடியிருப்பிலேயே ஒரு வீட்டு வாசல் நிலையில் மெசூசா, அதாவது யூத வேதமான தோராவின் வசனம் எழுதிய தோல்சுருளை உள்ளே வைத்துப் பதிக்கும் சின்னக் கூடு. கதவைத் தட்டினோம். திறந்த ஆண்ட்டியின் குடும்பப் பெயரும் என் மாமியாருடைய பிறந்த வீட்டுப் பெயரும் ஒன்றே.

இது கடவுள் செயல் என்கிறார் கணவர். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. கொங்கணக் கரையில் மூதாதையர் வாழ்ந்த ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துப் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். இந்தியாவில் மிஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர்தான். பெயர் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். ஆனாலும், இத்தனை பெரிய நகரத்தில் அதே கட்டடத்திலா? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம், கூட்டுத் தொழுகைக்கு மரபுப்படி பத்து ஆண்கள் வேண்டும். கணவர் இப்போது அந்தக் கணக்கில் சேர்த்தி. ஆண்ட்டி வீட்டில் எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லும் மலிடா என்ற சடங்கும் நடந்தது. இனிப்பு அவல், தேங்காய், பழங்கள். அவலைப் பிசைந்தது நான்தான். ஆண்ட்டியும் மாமியாரும் தினமும் போனில் மராத்தியில் பேசுகிறார்கள். என்னைப் பற்றித்தான் என்று சந்தேகம்.