‘அங்கோத்தா’ என்பது ‘அங்கோத்தும்’ ஆன கதை: பெயர்களைத் தாமே மாற்றும் செயற்கூறுகளோடு நம் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிரலாளர்

தரவுத்தள நிரலகங்களில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) அட்டவணை, கிளாஸ் (நிரலில் அந்த அட்டவணைக்கு நிகரான வகை), புலம் ஆகியவற்றின் பெயர்களை ஒருமையாகவும் பன்மையாகவும் மாற்றித் தரும் சரச் செயற்கூறுகளோடு உங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுதுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உறுப்பினர்களாக இருக்கும் ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்துக்கு, பங்குத் தொகையையும் சந்தாவையும் பதியும் மென்பொருளை ரூபி ஆன் ரெயில்ஸில் (ரூபி மொழியில் இணையச் செயலிகள் எழுதும் கட்டமைப்பு) எழுதிக் கொடுத்தேன். (மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த பெரிய சங்கத்தைச் சொல்லவில்லை, இது ஊரளவில் நடப்பது.) சங்கத்தின் படிவங்கள் மலாயில் இருப்பதால் அட்டவணைகளுக்கும் மலாய்ப் பெயர்களையே ரோமன் எழுத்தில் வைத்தோம். உறுப்பினருக்கு ‘அங்கோத்தா’ (anggota), தோட்டத்துக்கு ‘லாடாங்’, சந்தாவுக்கு ‘யூரான்’. படிவத்தில் உள்ள பெயரே தரவுத்தளத்திலும் இருந்தால், நாளை எனக்குப் பதிலாக வேறொருவர் வந்தாலும் கிராணியோடு (எழுத்தரோடு) பேசுவதற்கு அவருக்குத் தடை இருக்காது என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தில் இன்றும் மாற்றமில்லை.

ரெயில்ஸ் 2004இல் வெளிவந்த காலத்திலிருந்தே அதன் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கிளாஸ் பெயர் ஒருமையில் இருக்கும், அட்டவணைப் பெயர் பன்மையில் இருக்கும், அயல் சாவி (வேறோர் அட்டவணையைச் சுட்டும் புலம்) ஒருமைப் பெயரோடு ‘ஐடி’ சேர்ந்து அமையும். இந்த மாற்றங்களைச் செய்பவை புளூரலைஸ் (பன்மையாக்குவது), சிங்குலரைஸ் (ஒருமையாக்குவது), கேமலைஸ் (அடிக்கோட்டை நீக்கிச் சொற்களின் முதலெழுத்தைப் பெரியதாக்குவது), அண்டர்ஸ்கோர் (சொற்களைச் சிறிய எழுத்தாக்கி அடிக்கோட்டால் பிரிப்பது), டேபிளைஸ் (அட்டவணைப் பெயராக்குவது), கிளாசிஃபை (கிளாஸ் பெயராக்குவது) முதலிய செயற்கூறுகள். இவற்றுள் முதல் இரண்டும் அகராதியைப் பார்ப்பதில்லை. சொல்லின் கடைசி எழுத்துகளைச் சில வாய்பாடுகளோடு ஒப்பிட்டு, பொருந்துகின்ற முதல் வாய்பாட்டின்படி வாலை வெட்டியோ ஒட்டியோ தருகின்றன. ‘லாடாங்’ என்று கொடுத்தால் ‘லாடாங்ஸ்’ என்று வரும். காண்பதற்கு அழகில்லை என்றாலும் திரும்ப ஒருமையாக்கினால் ‘லாடாங்’ கிடைத்துவிடுகிறது, தீங்கில்லை.

‘அங்கோத்தா’ அப்படியில்லை. ஒருமையாக்கும் வாய்பாடுகளில், ‘டி’ (t) அல்லது ‘ஐ’ (i) என்னும் எழுத்தை அடுத்து ‘ஏ’ (a) வந்து சொல் முடிந்தால் அந்த ‘ஏ’யை நீக்கிவிட்டு ‘யூ-எம்’ (um) சேர்க்க வேண்டும் என்று ஒன்று உண்டு. ‘டேட்டா’வை ‘டேட்டம்’ ஆக்கவும், ‘பாக்டீரியா’வை ‘பாக்டீரியம்’ ஆக்கவும் இலத்தீன் வழிச் சொற்களுக்காக எழுதப்பட்ட வாய்பாடு அது. நம் சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் அதில் அகப்பட்டு ‘அங்கோத்தும்’ ஆகிவிட்டார்கள்.

இதில் குழப்பமான பகுதி என்னவென்றால், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடையாததுதான். சந்தா மாடலில் (சந்தா அட்டவணையைக் கையாளும் கிளாஸில்) ‘பிலாங்ஸ் டூ அங்கோத்தா’ என்று எழுதினால் ரெயில்ஸ் பெயரை ஒருமையாக்குவதில்லை, கேமலைஸ் மட்டுமே செய்கிறது. ஆகவே அது ஓடும். தோட்ட மாடலில் ‘ஹேஸ் மெனி அங்கோத்தா’ என்று எழுதினால், பலரைக் குறிக்கும் தொடர்பு என்பதால் முதலில் ஒருமையாக்கிவிட்டு, ‘அங்கோத்தும்’ என்ற கிளாஸைத் தேடி, அப்படி ஒன்று இல்லை என்று நின்றுவிடும். அட்டவணையோ சரியாகவே கிடைக்கிறது. பன்மையாக்கும் வாய்பாடு இந்த முடிவை ஏற்கெனவே பன்மை என்று எடுத்துக்கொண்டு தொடாமல் விட்டுவிடுகிறது. எனவே தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தவருக்குக் குறை எதுவும் தெரியாது.

வழித்தடங்களில் (இணைய முகவரிகளை நிரலோடு இணைக்கும் பகுதியில்) இன்னும் ஒரு படி கூடுதலான சிக்கல். மாடல் தரப்பில் ஒருமையும் பன்மையும் ஒன்றாக இருப்பதால், அதை எண்ண முடியாத பெயர் என்று கருதி, புதிய உறுப்பினர் படிவம் ‘அங்கோத்தா இண்டெக்ஸ்’ என்ற வழியைக் கேட்கிறது. வழித்தடத் தரப்பிலோ ‘அங்கோத்தும்’ ஒருமை, ‘அங்கோத்தா’ பன்மை என்று முடிவாகிவிட்டதால் அந்த ‘இண்டெக்ஸ்’ வழி உருவாக்கப்படவே இல்லை. ஒரே நிரலகத்தின் இரண்டு பகுதிகள் ஒரே சொல்லுக்கு இருவேறு இலக்கணம் வைத்துக்கொண்டு எதிரெதிரே நிற்கின்றன.

தொடக்க அமைவுக் கோப்பில் ‘அங்கோத்தா’வை எண்ண முடியாத பெயராக அறிவித்ததும் மேற்சொன்ன சிக்கல்கள் ஒழுங்காகிவிட்டன. ஆனால் அந்த அறிவிப்பு தனிச்சொல்லுக்கு மட்டுமே காவல். ‘யூரான்_அங்கோத்தா’ என்று அடிக்கோட்டால் சேர்த்தெழுதிய அட்டவணைக்கு அது பொருந்தாது. அடிக்கோடும் சொல்லின் ஓர் எழுத்தாகவே எண்ணப்படுவதால் புதிய சொல் அங்கே தொடங்குவதாக நிரலகம் கருதுவதில்லை. சேர்த்தெழுதும் பெயர்களுக்கு, இந்த முடிவை மாற்றாதே என்று ஒருமை வாய்பாட்டையே தனியாக எழுத வேண்டும். பின்னர் எழுதப்படும் வாய்பாடு முன்னதை முந்திக்கொள்ளும் என்பதால் அது வேலை செய்கிறது.

‘எஸ்’ எழுத்தில் முடியும் மலாய்ச் சொற்களுக்கும் இதே கதிதான்: ‘கெலாஸ்’ என்பது ‘கெலா’ ஆகும், ‘துகாஸ்’ என்பது ‘துகா’ ஆகும். சங்கக் கடையின் சரக்குப் பட்டியலில் ‘பெராஸ்’ (அரிசி) ‘பெரா’ ஆயிற்று. ஆங்கிலத்தில் அரிசியைக் குறிக்கும் சொல்லும் பணத்தைக் குறிக்கும் சொல்லும் ரெயில்ஸின் எண்ண முடியாத பெயர்ப் பட்டியலில் முன்னிருப்பாகவே இடம்பெற்றிருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மறுமொழி: தோட்ட அலுவலகங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் பராமரிக்கும் சகோதரி

அண்ணா, ஒருமை பன்மையை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எழுத்து வடிவை மட்டும் மாற்றுகின்ற கேமலைஸும் அண்டர்ஸ்கோரும் குற்றமற்றவை என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

செம்பனைத் தோட்டம் ஒன்றின் பழைய சம்பளத் தரவுகளைப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பழைய புலப்பெயர்கள் ‘நோ’வை அடுத்துப் பெரிய எழுத்தில் ‘கேபி’ (அடையாள அட்டை எண்), ‘நோ’வை அடுத்துப் பெரிய எழுத்தில் ‘கேடபிள்யூஎஸ்பி’ (சேமநிதி எண்) என்று இருந்தன. போஸ்ட்கிரெஸ் மேற்கோளிடாத பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாக்கிவிடும் ஆதலால், அண்டர்ஸ்கோர் கொண்டு அவற்றை அடிக்கோட்டு வடிவத்துக்கு மாற்றினோம். போகும்போது சரியாகப் போயின. மாத இறுதியில் பழைய வடிவிலேயே ஓர் அறிக்கைக் கோப்புக் கேட்டார்கள். அதற்காகக் கேமலைஸ் கொண்டு திருப்பியபோது, அந்தச் சுருக்கங்களின் முதலெழுத்து மட்டும் பெரியதாகவும் எஞ்சியவை சிறியதாகவும் வந்து நின்றன. வந்த பெயரை எதிர்முனையில் இருந்த நிரல் ஏற்கவில்லை. ரெயில்ஸின் ஆவணமே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முழுத் தலைகீழ்ச் செயல் அல்ல என்பதை, ‘எஸ்எஸ்எல்’ என்று தொடங்கும் ஒரு பெயரை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறது.

ரெயில்ஸின் 3.2ஆம் பதிப்பு முதல் சுருக்கப் பெயர்களை அறிவிக்கும் வசதி இருக்கிறது. சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) ஆகியவற்றின் சுருக்கங்களை அறிவித்தால் அவை பெரிய எழுத்திலேயே திரும்பி வரும். படிவத் தலைப்புக்காக ஹியூமனைஸ் செய்யும்போதும் (புலப்பெயரைப் படிக்கத் தக்க வாசகமாக்கும்போதும்) அப்படியே வரும். ஆனால் பாதி எழுதிய திட்டத்தில் அதைச் சேர்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். கோப்புப் பெயரிலிருந்து கிளாஸ் பெயரை ஊகிக்கும் பகுதியும் அதே அறிவிப்பைப் பின்பற்றுவதால், நேற்று வரை கிடைத்த கிளாஸ்கள் இன்று கிடைக்காமல் போகும்.

எண்களைப் பற்றி ஒரு வரி. நம் படிவங்களில் முகவரி எப்போதும் ‘அலாமாட் 1’, ‘அலாமாட் 2’ என்று வரும். ‘அலாமாட்_1’ என்பதைக் கேமலைஸ் செய்து மீண்டும் அண்டர்ஸ்கோர் செய்தால் நடுவிலிருந்த அடிக்கோடு காணாமல் போகும். பிழைச்செய்தி ஏதும் வராது, இரண்டு வேறு புலங்கள் இருப்பதாகவே தரவு ஏறும். எங்கள் நிரலில் இப்போது பழைய பெயர், புதிய பெயர் என இரு பத்திகளில் ஒரு பட்டியல் கையால் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பழமை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது போதும்.

மறுமொழி: பணி ஓய்வு பெற்ற கிராணி

தம்பி, தங்கச்சி, உங்கள் இருவரின் பதிவுகளையும் படித்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, ஆனால் என் பேரன் எழுதிய ஜாங்கோ (பைத்தான் மொழியின் இணையக் கட்டமைப்பு) நிரலைச் சோதித்துப் பார்ப்பவன் நான்தான். நிர்வாகத் திரையில் ‘அங்கோத்தாஸ்’, ‘லாடாங்ஸ்’ என்று இருந்ததைக் கண்டு, இது எந்த நாட்டு மலாய் என்று கேட்டேன். ஜாங்கோ அட்டவணைப் பெயரைப் பன்மையாக்குவதில்லை என்றும், செயலியின் பெயரோடு மாடல் பெயரைச் சிறிய எழுத்தில் சேர்த்து அப்படியே வைத்துவிடுகிறது என்றும், திரையில் காட்டும் பெயருக்கு மட்டும் ஒரு ‘எஸ்’ ஒட்டுகிறது என்றும் விளக்கினான். மாடலுக்குள் பன்மைப் பெயரைத் தனியாக எழுதிக் கொடுத்ததும் போய்விட்டது. ஊகிப்பது குறைவாக இருந்தால் தொல்லையும் குறைவாக இருக்கிறது என்றே தோன்றுகிறது.

மறுமொழி: தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் தளம் நடத்துபவர்

நாங்கள் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்துப் பார்த்தோம் என்பதால் இதையும் பதிகிறேன். ரூபியில் கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. எனவே ‘தோட்டம்’ என்ற சரத்தைக் கான்ஸ்டண்டைஸ் செய்தால் (அந்தப் பெயருள்ள கிளாஸைத் தேடச் சொன்னால்) தவறான மாறிலிப் பெயர் என்று மறுத்துவிடும். அட்டவணைப் பெயரைத் தமிழில் வைக்கலாம், மாடலில் அந்தப் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிட்டால் போதும். ஆனால் போஸ்ட்கிரெஸ் ஒரு பெயருக்கு 63 பைட்டுகளே தருகிறது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் செலவாகின்றன. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனிக் குறியீடுகள். ‘தோட்டத்தொழிலாளர்_சம்பளம்’ 70 பைட்டுகள் ஆகின்றது. அது ‘தோட்டத்தொழிலாளர்_சம்ப’ என்று வெட்டப்பட்டு, ஓர் அறிவிப்பு மட்டும் காட்டப்பட்டது.

பள்ளிப் பெயரிலிருந்து இணைய முகவரித் துண்டு செய்யும் பாராமீட்டரைஸும் இப்படியே. இலத்தீன் அல்லாத எழுத்துகளை அது நீக்கிவிடுவதால், தமிழ்ப் பெயர் கொடுத்தால் வெற்றுச் சரம் வரும். முதல் பள்ளி வெற்று முகவரியோடு பதிவாகிவிட்டது. இரண்டாவது பள்ளியைச் சேர்த்தபோதுதான் முகவரி ஏற்கெனவே உள்ளது என்று தடுத்தது. இப்போது முகவரித் துண்டுக்கெனத் தனிப் புலம் வைத்து, பள்ளியின் பதிவுக் குறியீட்டை அதில் இடுகிறோம்.

தொடக்கப் பதிவர் அண்ணனுக்கு ஒரு கேள்வி: இடமொழியை (தளத்தின் மொழி அமைவை) மலாய் என்று அமைத்தால் ஒருமை பன்மைத் தொல்லை தீராதா?

தொடக்கப் பதிவரின் மறுமொழி

தீராது. மொழிவாரியாக வாய்பாடுகளை அறிவிக்க ரெயில்ஸ் 4 முதல் இடமுண்டு. ஆயினும் புளூரலைஸுக்கும் சிங்குலரைஸுக்கும் மொழியைக் கையோடு கொடுக்காவிட்டால், தளத்தின் மொழி எதுவாக இருந்தாலும் அவை ஆங்கில வாய்பாட்டையே எடுத்துக்கொள்கின்றன. அட்டவணையையும் தொடர்பையும் ஊகிக்கும் உட்பகுதிகளும் அந்த முன்னிருப்பிலேயே அழைக்கின்றன. மூல வாய்பாட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்பதிலும் பயனில்லை. அவற்றில் பிழை இருந்தாலும் அதை நம்பிப் பழைய நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், திருத்தங்களை ஏற்பதில்லை என்று அதன் ஆக்கக் குழு ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன். வேண்டுமானால் அட்டவணைப் பெயர்களைப் பன்மையாக்காதே என்று ஒரே அமைவில் நிறுத்தலாம். ஆனால் ‘ஹேஸ் மெனி’ அப்போதும் ஒருமையாக்கத்தான் செய்யும்.

ரூபியின் இன்னொரு தரவுத்தள நிரலகமான சீக்வெலிலும் இதே வாய்பாடு இருப்பதால் ‘அங்கோத்தும்’ அங்கேயும் வரும். ஆனால் அங்கே இச்செயற்கூறுகள் எல்லாச் சரங்களிலும் தாமாக ஏறுவதில்லை. இன்ஃப்ளெக்டர் என்ற நீட்சியை நாமாக அழைத்தால்தான் ஏறும். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

நான் கைக்கொண்டிருப்பது இது: மாடல் ஒவ்வொன்றிலும் அட்டவணைப் பெயரையும், ‘ஹேஸ் மெனி’ ஒவ்வொன்றிலும் கிளாஸ் பெயரையும் எழுதிவிடுகிறேன். புதிய அட்டவணை போடும் முன் அதன் பெயரைக் கன்சோலில் (கட்டளைத் திரையில்) ஒருமுறை ஒருமையாக்கி, ஒருமுறை பன்மையாக்கிப் பார்க்கிறேன். சென்ற வாரம் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டுக்கு ‘ஹார்த்தா’ என்று பெயர் வைக்கச் சொன்னார்கள். ‘ஹார்த்தும்’ என்று வந்தது. அறிவிப்புக் கோப்பில் அதற்கும் ஒரு வரி சேர்த்த பிறகே அட்டவணையை உருவாக்கினேன்.