கெட்ட செய்தி ஏன் மேலாளரிடம் கடைசியாக வருகிறது?

கேள்வி:
கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புப் பணியில் சைட் இன்ஜினியராக இருந்த நான், அண்மையில் அதே பணியின் திட்ட மேலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் "வேலை நன்றாகப் போகிறது சார்" என்கிறார்கள். ஆனால் சென்ற மாதம் தளம் போடுவதற்கு முந்தைய மாலை, ரெடிமிக்ஸ் லாரிகளுக்குச் சொல்லிவிட்ட பிறகுதான், பல இடங்களில் கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் சிறு கட்டை) வைக்காமல் கம்பி நேரடியாகச் சென்ட்ரிங் பலகைமேல் கிடப்பது எனக்குத் தெரியவந்தது. இளநிலைப் பொறியாளருக்கு அது முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் திட்டமாட்டீர்கள் சார், ஆனால் முகம் மாறிவிடும்" என்றார். எனக்கே தெரியாமல் என்னிடம் இருக்கும் இத்தகைய பழக்கங்களை எப்படிக் கண்டறிவது?

பதில் 1:
அவர் அதை உங்களிடம் நேரில் சொன்னதே பெரிய விஷயம். அதற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரு உளவியலாளர்கள் 1955இல் வகுத்த, நம்மைப் பற்றி நமக்கும் பிறருக்கும் தெரிந்தவை, தெரியாதவை என நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் ஜோஹாரி சாளரத்தில், பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாத பகுதி என ஒன்று உண்டு. தனியே அமர்ந்து எவ்வளவு யோசித்தாலும் அது புலப்படாது. பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. "என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "நேற்று கம்பி வரவு குறைந்ததைச் சொன்னபோது உங்களைப் பேசி முடிக்க விட்டேனா" என்று, நடந்த ஒன்றைக் குறித்துத் தனியாகக் கேளுங்கள். மேஸ்திரியிடமும் கேளுங்கள்.

பதில் 2:
இது பயனுள்ள யோசனைதான், ஆனால் போதாது என்பது என் கருத்து. நேற்றுவரை சேர்ந்து தேநீர் குடித்தவரின் ஆண்டு மதிப்பீட்டில் இன்று நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். உங்கள் சலிப்பும் இனி அவர் காதில் கட்டளையாகவே விழும். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27இல், நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், அதன் உந்துகலனின் மூட்டுகளிலுள்ள ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் சரியாக அடைக்காமல் போகலாம் என்று கூறி, உந்துகலனைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர்கள் விண்ணோடத்தை ஏவுவதை எதிர்த்தார்கள். நாசா அதிகாரிகள் ஏவித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவிடவில்லை, தங்கள் அதிருப்தியை வெளிக்காட்டினார்கள். அந்நிறுவன நிர்வாகிகள் தங்கள் பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றிக்கொள்ள அதுவே போதுமானதாயிற்று. மறுநாள் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்து, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தார்கள். ஆகவே முகத்தைத் திருத்துவதோடு, சரிபார்ப்புத் தாளில் இளநிலைப் பொறியாளர் கையெழுத்திடாமல் கான்கிரீட் இறங்காது என்ற அதிகாரத்தையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவர் வேலையை நிறுத்தி, ஏற்றிய லாரி திரும்பிப் போக நேர்ந்தால், அந்தச் செலவுக்கு மேலிடத்தில் யார் பதில் சொல்வது?

பதில் 3:
நீங்கள்தான், அதை இப்போதே அவரிடம் சொல்லிவைப்பது நல்லது. அவர் முதன்முறை நிறுத்தும்போது, காரணம் தவறாகவே இருந்தாலும், ஒப்பந்ததாரர் முன்னிலையில் அவரைக் கேள்வி கேட்காதீர்கள். எல்லாரும் போன பிறகு சரிபார்ப்புத் தாளை எடுத்துவைத்து இருவருமாகப் பேசுங்கள்.