செங்கல்பட்டு ரூட்ல நாயோட வாடகை வீடு தேடுன அனுபவம்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் நாயோட வீடு தேடுறவங்களுக்காக எழுதுறேன். எங்க சிட்டு செவல நெற நாட்டு நாய், குட்டியா இருக்கும்போதே தெருவுல இருந்து எடுத்து வளத்தது, கருத்தடை ஆப்பரேஷன் பண்ணியாச்சு, வருஷா வருஷம் ரேபிஸ் ஊசியும் தவறாம போடுறோம். என் கணவருக்கு மகேந்திரா சிட்டிக்கு வேலை மாறுனதால தாம்பரத்த விட்டு இந்தப் பக்கம் வர வேண்டியதாப் போச்சு.

மொதல்ல ஃப்ளாட் தான் பாத்தோம். ஒரு எடத்துல ஓனர் போன்லயே சரின்னுட்டாரு, நேர்ல போனா அசோசியேஷன் செக்ரட்டரி வந்து "இங்க நாய்க்கு அனுமதி இல்லம்மா, ஜெனரல் பாடில தீர்மானமே போட்டிருக்கோம்"னு நிக்கிறாரு. இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு, மெஜாரிட்டி சேந்து தீர்மானம் போட்டாலும் அசோசியேஷன் நாய் வளக்கத் தடை போட முடியாது, வாடகைக்கு இருக்குறவங்களுக்கும் அது பொருந்தும். ஆனா வீட்டு ஓனரே வேணாம்னா அது வேற கதை, அவரு வீடு, கட்டாயப்படுத்த முடியாது. நான் அந்த சர்க்குலர போன்ல எடுத்துக் காட்டுனதும் செக்ரட்டரி கொஞ்சம் எறங்கி வந்தாரு, ஆனா ஓனர் "எதுக்கும்மா வீண் வம்பு"ன்னு பின்வாங்கிட்டாரு.

புரோக்கர் சொன்ன யோசனை இன்னும் மோசம். "மேடம், நாய் இருக்குன்னு வாயத் தொறக்காதீங்க, அட்வான்ஸ் குடுத்து சாமான் எறக்கிட்டா அப்புறம் பாத்துக்கலாம்". நான் முடியவே முடியாதுன்னுட்டேன். பொத்தேரில என் ஃப்ரெண்ட் அப்படித்தான் குடி போனா, கொஞ்ச நாள்லயே ஓனருக்குத் தெரிஞ்சு காலி பண்ணச் சொல்லி, பெயின்டிங் அது இதுன்னு அட்வான்ஸ்லயும் பெரிய தொகைய புடிச்சுட்டாங்க. இன்னொரு புரோக்கர் "எங்கயாச்சும் கொண்டு போயி விட்டுட்டு வாங்க மேடம்"னு சாதாரணமா சொல்றாரு. வளத்த நாய அப்படி விடுறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குத்தம்னு அவருகிட்ட சொன்னேன், சட்டம் இல்லாட்டியும் எந்த மனசோட விடுறது?

அப்புறம் தனி வீடா தேட ஆரம்பிச்சோம். சில வீட்ல பூஜை ரூம் இருக்கு, ஆச்சாரம் பாப்போம்னாங்க, அது அவங்க வழக்கம், எனக்கு வருத்தம் இல்ல. ஆனா ஒரு அம்மா "லேப்ரடார் மாதிரின்னா பரவால்ல, இது தெரு நாயாச்சே"ன்னாங்க பாருங்க, அன்னிக்கு மனசு ரொம்ப வலிச்சுது. நம்ம ஊரு வெயிலத் தாங்குற, அடிக்கடி சீக்கு வராத நாய் இதுங்கதான், அதுங்களுக்குத்தான் எடம் இல்லையா?

கடைசில கெடச்சது மறைமலை நகர்ல கீழ் போர்ஷன், தனி கேட், ஓனர் ரெண்டு தெரு தள்ளி இருக்காரு, ரிட்டயர்ட் ஆனவரு. மொத போன்லயே "நாய் இருக்குங்க ஐயா"ன்னு சொல்லிட்டேன். அவரு உடனே சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, "இப்ப இருக்குற வீட்ட நான் பாக்கலாமாம்மா"ன்னு கேட்டாரு. ஒரு ஞாயித்துக்கெழம தாம்பரம் வந்தாரு. உள்ள வந்ததும் குனிஞ்சு கதவோட அடிப்பக்கத்த கையால தடவிப் பாத்தாரு, நகக் கீறல் இருக்கான்னு. ஊசி போட்ட புக்க வாங்கி, ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல தேதிய ஒவ்வொண்ணாப் படிச்சாரு. போகும்போது மாடி வீட்டு அக்காகிட்ட ராத்திரில கொலைக்குமான்னு விசாரிச்சாரு. அவரு அப்படி துருவித் துருவிக் கேட்டது எனக்குப் புடிச்சுது, யோசிச்சு சம்மதிக்கிற ஆளு நாளைக்கு மாத்திப் பேச மாட்டாரு.

பதினோரு மாச அக்ரிமென்ட்ல ஒரு நாய் வளக்கலாம், கதவு செவுரு கீறல் விழுந்தா காலி பண்ணும்போது நாங்க சரி பண்ணித் தரணும், மொட்டை மாடில கட்டிப்போடக் கூடாதுன்னு எழுதியிருக்கு. கடைசி வரிய அவரே சேக்கச் சொன்னாரு, வெயில் காலத்துல தரை கொதிக்கும்னு. நீங்களும் நாயப் பத்தி எழுத்துல இல்லாம கையெழுத்து போடாதீங்க, ஓனர் தங்கமானவரா இருந்தாலும் நாளைக்கு அவரு பையன் வந்து பொறுப்பெடுத்தா வாய்ப்பேச்சு செல்லாது.

செங்கல்பட்டு டவுனுக்குள்ள யாராச்சும் தேடியிருந்தா உங்க அனுபவத்த சொல்லுங்க, என் தங்கச்சி ரெண்டு பூனையோட அங்க வீடு பாத்துட்டு இருக்கா.