கொன்ச்சரோவாவின் உடை ஓவியம் என்கிறார்கள், வாங்கலாமா?

தாள்விரும்பி:
வணக்கம். பாரிசில் வசிக்கிறேன். தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு 1909 முதல் 1929 வரை மேடையேற்றிய படைப்புகளுக்காக வரையப்பட்ட உடை ஓவியங்கள்மீது எனக்குப் பல ஆண்டுகளாகத் தீராத ஈடுபாடு உண்டு. இப்போது வணிகர் ஒருவர், 'தங்கச் சேவல்' படைப்புக்காக நத்தாலியா கொன்ச்சரோவா வரைந்தது என்று ஒரு குவாஷ் (ஒளிபுகா நீர்வண்ண) ஓவியத்தைக் காட்டுகிறார். கையொப்பமும் 1914 என்ற ஆண்டும் இருக்கின்றன. தாளோ ஒரு மடிப்புகூட இல்லாமல் பளிச்சென்று வெளுத்திருக்கிறது. முன்பு யாரிடம் இருந்தது என்று கேட்டால், 'ஒரு பழைய குடும்பம்' என்பதற்கு மேல் பதில் இல்லை. சேமிப்பில் பெரும்பகுதியை இதில் போடலாமா?

பழந்தாள்:
அவசரப்படாதீர்கள். உடை ஓவியம் என்பது தையற்கூடத்துக்குப் போய்வந்த வேலைத்தாள். ஓரத்தில் துணியின் பெயர், ஆடுபவரின் பெயர், குண்டூசித் துளை, சில வேளைகளில் ஊசியால் குத்திவைத்த துணித் துண்டு என்று ஏதேனும் தடம் இருக்கும். தடமே இல்லாத தாள் எல்லாம் போலி அல்ல. ஆனால் கொன்ச்சரோவா, லாரியனோவ், எக்ஸ்டர் ஆகிய மூன்று மேடை ஓவியர்களின் பெயரிலும் போலிகள் மலிந்திருப்பதால், கைமாறிய வரலாறு தெரியாத எதையும் நான் தொடமாட்டேன். புற ஊதா விளக்கில் தாளைப் பாருங்கள். நீல வெண்மையாக ஒளிர்ந்தால், அதில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அது தாள் தயாரிப்பில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். வெள்ளை நிறத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி 1920களில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது.

அரங்கன்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆண்டு பொருந்தவில்லை என்பதாலேயே ஓவியம் பொய்யாகிவிடாது. 1911இல் அரங்கேறிய 'பெத்ருஷ்கா' பாலேவுக்கு வரைந்தவற்றை ஓவியர் பெனுவா பிற்கால மேடையேற்றங்களுக்காகத் திரும்பத் திரும்ப வரைந்தார். 'தங்கச் சேவல்' 1937இல் லண்டனில் ஃபோகினின் நடன அமைப்பில் மீண்டும் மேடையேறியபோதும் வடிவமைப்பு கொன்ச்சரோவாவுடையதே. ஆகவே தாள் 1930களுடையது என்று தெரிந்தால், அந்த ஆண்டுக்குரிய விலையைப் பேசலாம்.

என் கருத்தில், தொடக்கத்துக்கு அச்சுப்படிவங்களே நல்லவை. 1919இல் கொன்ச்சரோவாவும் லாரியனோவும் பாரிசில் வெளியிட்ட மேடைக்கலைத் தொகுப்பிலும், எக்ஸ்டரின் 1930ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் வெட்டுத்தகடு வைத்துக் கையால் நிறமேற்றிய தாள்கள் உண்டு. நிறம் தாளின்மேல் சற்றே தடித்து நிற்பதை விரல் நுனியாலேயே உணரலாம். எதை வாங்கினாலும் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். குவாஷ் வெளிறினால் மீளாது.

தாள்விரும்பி:
இருவருக்கும் நன்றி. இன்று காலை விளக்கோடு சென்று, வணிகரின் அனுமதியோடு தாளைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பார்த்தேன். பின்புறம் முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. 1914க்கும் பொருந்தவில்லை, 1937க்கும் பொருந்தவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எக்ஸ்டர் தொகுப்பின் தனித்தாள் எதையேனும் நல்ல நிலையில் கண்டால் இங்கே தெரிவியுங்கள்.