தடைக்காலம் முழுக்க நின்ற பழைய டீசல் லாரி: பம்பைக் கழற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உச்சிப்புளி லாரிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1998-ஆம் ஆண்டு மினி லாரி ஒன்று இருக்கிறது. நான்கு சிலிண்டர், டீசலை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்லைன் பம்ப் (இன்ஜெக்ஷன் பம்ப்), 12 வோல்ட் பேட்டரி. எலக்ட்ரானிக் பாகம் எதுவும் கிடையாது. மண்டபத்திலும் பாம்பனிலும் மீன் பெட்டிகளை ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த 61 நாளும் வண்டியை வீட்டுக்குப் பின்னால் பனைகளின் அடியில் நிறுத்தி வைத்திருந்தேன். நிறுத்திய அன்று டேங்க் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. இடையில் மைத்துனரின் டிராக்டருக்காக 40 லிட்டர் எடுத்துக்கொடுத்தேன். அதைத் தவிர வண்டியில் யாரும் கை வைக்கவில்லை.

ஜூன் 12 அன்று சாவியைத் திருப்பியபோது செல்ஃப் மோட்டார் சுற்றியது, ஆனால் இன்ஜின் எடுக்கவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்து (டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றி) கொடுத்தபின் வண்டி ஸ்டார்ட் ஆகி, நான்கு நிமிடம் நன்றாக ஓடி, இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. மறுபடி ஏர் எடுத்தால் மறுபடி அதே நான்கு நிமிடம்தான். பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்பி, டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்தவனுக்கு அந்தச் செலவு பெரிது. அனுப்புவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

தொண்டி டீசல்

செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது கம்ப்ரஷன், டைமிங், செல்ஃப் சுற்றும் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை.

வண்டியை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிளையும் பாருங்கள். உப்புக்காற்றில் அது உறைக்குள்ளேயே துருவேறி, பம்பின் நெம்புகோலைப் பாதி இழுத்த நிலையில் பிடித்துக்கொள்வதுண்டு. கேபினில் இருக்கும் பிடியை நம்பாமல், பானட்டைத் திறந்து நெம்புகோலைக் கையால் அசைத்து, அது முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலை நண்பன்

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். எங்கள் வண்டிகள் எல்லாம் அப்படித்தான் எழும்பும்.

சாயல்குடி பழைய பட்டறை

ஸ்பிரே வேண்டாம். அதில் இருக்கும் ஈதர் டீசலைவிட மிகவும் முன்னதாகவே, பிஸ்டன் மேலே வந்து சேருமுன் பற்றிக்கொள்ளும். பழைய இன்ஜினில் ரிங்கும் பிஸ்டனும் அந்த அடியைத் தாங்காமல் போகலாம். ஹீட்டர் பிளக் அல்லது ஏர் ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் காற்று உள்ளே போகும் வாயிலேயே தீப்பிடிக்கலாம். பழைய ஓட்டுநர்கள் சிலர் பெட்ரோல் துணியைக் கொளுத்தி ஏர் பைப்பருகே காட்டுவார்கள்; அதையும் செய்யாதீர்கள். ஜூன் மாதத்து இராமநாதபுரத்தில் குளிரால் எடுக்காத டீசல் வண்டி எது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏர் எடுத்தவுடன் ஸ்டார்ட் ஆகி நான்கு நிமிடம் சீராக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சரோ, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசலோ தேய்ந்திருந்தால் அந்த நான்கு நிமிடமும் சீராக ஓடியிருக்காது. ஃபில்டரிலும் பம்பிலும் நிரப்பிவிட்ட டீசல் தீரும்வரை ஓடுகிறது, அதன்பின் வருவது காற்று கலந்த டீசல் என்பதால் நிற்கிறது. நாசல் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். டீசலை அழுத்தினால் சுருங்காது என்பதால் அந்த அழுத்தம் கிடைக்கிறது, காற்றோ சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், நாசல் திறக்காது.

காற்று எங்கே நுழைகிறது என்பதுதான் கேள்வி. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீடு பம்பிலிருந்து ஃபில்டர் வழியாக இன்ஜெக்ஷன் பம்ப் வரை தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே கசிந்து ஈரம் தெரியும். டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே இருக்கும் ஓட்டையில் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எனவே எங்கும் சொட்டுக்கூடக் கசியவில்லை என்று பட்டறையில் சொல்வதை, உறிஞ்சும் பக்கம் சரியாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்களுடையது மீன் வண்டி. பெட்டியில் கரையும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து சேஸிஸ் மேல் ஆண்டுக்கணக்கில் வடிந்திருக்கும்; டீசல் பைப் அந்தச் சேஸிஸை ஒட்டித்தான் போகிறது. கிளாம்ப் பிடித்திருக்கும் இடங்களில், கிளாம்புக்கு அடியில், வெளியே தெரியாமல் பைப் அரித்திருக்கும்.

சோதனை எளிது. சுத்தமான 5 லிட்டர் கேனில் வடிகட்டிய டீசல் ஊற்றி, ஃபீடு பம்பை விட உயரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். டேங்கிலிருந்து வரும் பைப்பை ஃபீடு பம்பில் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு டியூபை அங்கே மாட்டுங்கள். ரிட்டர்ன் பைப்பையும் கேனிலேயே விடுங்கள். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஃபீடு பம்பில் உள்ள கை பம்பை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே முறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்குரூவிலும் அதையே செய்யுங்கள். பிறகும் எடுக்கவில்லையென்றால் இரண்டு நாசல் நட்டுகளை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துடித்து வந்தபின் முறுக்க வேண்டும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். செல்ஃபைத் தொடர்ந்து 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள்.

கேனில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் பம்பை மதுரைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

இன்னொன்றும் மனத்தில் உறுத்துகிறது. தடைக்காலத்துக்கு முன் நன்றாக ஓடிய வண்டி, 40 லிட்டர் எடுத்தபின் இப்படி ஆகியிருக்கிறது. அதைப் பற்றிக் கேன் சோதனைக்குப் பிறகு பேசுவோம்.

தொண்டி டீசல்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கூடவே எர்த் கேபிளையும் பார்த்துவிடுங்கள். செல்ஃப் சுற்றும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கடற்கரை வண்டிகளில் அந்தக் கேபிளின் முனையில் இருக்கும் லக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பொடியாக இருக்கும்.

உச்சிப்புளி லாரிக்காரர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் பார்த்தேன். செல்ஃப் சுற்றும்போது புகை இல்லை. ஸ்டாப் கேபிள் இறுக்கமாக இருந்தாலும் நெம்புகோல் முழுவதும் திரும்பியது. எர்த்தில் 1.2 வோல்ட் காட்டியது. லக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து முறுக்கிய பிறகு 0.2 ஆனது, செல்ஃப் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஆனாலும் இன்ஜின் எடுக்கவில்லை.

கேன் சோதனையில் மூன்றாவது முறையிலேயே ஸ்டார்ட் ஆனது. நாற்பது நிமிடம் ஓடியது, நான்தான் அணைத்தேன். டேங்க் பைப்பை மறுபடி மாட்டியதும் ஐந்தாவது நிமிடத்தில் நின்றது. அப்படியானால் பைப் முழுவதையும் மாற்றிவிடலாமா?

சாயல்குடி பழைய பட்டறை

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. பைப்பை வாங்குவதற்கு முன், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் வாங்கி, முதலில் ஃபீடு பம்ப் அருகிலும், பிறகு டேங்க் அருகிலும் இடையில் மாட்டி, வண்டியை ஓட்டிக் குமிழியைப் பாருங்கள். டேங்க் அருகில் குமிழி இல்லாமல் ஃபீடு பம்ப் அருகில் இருந்தால் சேஸிஸ் பைப் குற்றவாளி. டேங்கை விட்டு வெளியேறும் இடத்திலேயே குமிழி வந்தால், டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றுங்கள்.

40 லிட்டர் பற்றி நான் நினைத்தது இதுதான். அந்தக் குழாயின் மேல்பகுதி, டீசல் மட்டத்துக்கு மேலே ஈரக்காற்றில் நின்று துருப்பிடிக்கும். டேங்க் நிறைந்திருந்தால் ஓட்டை டீசலுக்குள் மூழ்கியிருக்கும், அதன் வழியாகவும் டீசலையே உறிஞ்சும், யாருக்கும் தெரியாது. மட்டம் இறங்கி ஓட்டை வெளியே வந்த நாளில் காற்றை உறிஞ்சத் தொடங்கும். நீங்கள் ஒவ்வொரு நடைக்கும் டேங்கை நிரப்பி ஓட்டுகிறவராக இருந்தால் இவ்வளவு நாள் தப்பித்திருப்பீர்கள்.

டேங்கின் அடி நட்டையும் திறந்து ஒரு சொம்பில் வடித்துப் பாருங்கள். இரண்டு மாதம் பாதி காலியாக நின்ற டேங்கில் உள்ளே இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராக இறங்கியிருக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் மட்டத்தில்தான் கறுப்பு வழுவழுப்பு வளரும், புது ஃபில்டரையும் அது அடைத்துவிடும்.

உச்சிப்புளி லாரிக்காரர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே ஆனது. டேங்கை விட்டு வெளியேறும் இடத்திலேயே கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடின. உறிஞ்சு குழாயைக் கழற்றினால், மேல் தட்டிலிருந்து நான்கு விரற்கடை கீழே, தையல் ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள். அடி நட்டில் அரை டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் கறுப்புச் சேறும் வந்தன. இந்தக் குழாயையே பித்தளை வைத்து ஒட்டிக்கொள்ளலாமா, புதிது போட வேண்டுமா? இன்று இரவு லோடு ஏற்ற அழைக்கிறார்கள்.

சாயல்குடி பழைய பட்டறை

இன்றைக்கு ஒட்டி ஓட்டலாம், ஆனால் குழாயைத் தனியே எடுத்துப்போய், டீசலைத் துடைத்துக் காயவைத்த பின்னரே ஒட்ட வேண்டும்; டேங்கின் பக்கத்தில் தீ எதுவும் கூடாது. இரண்டு ஓட்டை தெரிகிற குழாயில் மூன்றாவது ஓட்டை தயாராகிக்கொண்டிருக்கும் என்பதால் இந்த வாரத்துக்குள் புதிது போட்டுவிடுங்கள். டீசல் பைப்பை மாட்டும் பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர்களில் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், அதன் வழியாகவும் காற்று நுழையும். புதிய ஃபில்டரையும் ஒரு வாரத்தில் திறந்து பாருங்கள். புதுக் குழாய் வரும்வரை டேங்க் முக்கால் அளவுக்குக் கீழே இறங்காமல் ஓட்டுங்கள்.

உச்சிப்புளி லாரிக்காரர்

ஒட்டி மாட்டியாகிவிட்டது. செம்பு வாஷர் நான்கும் புதிது. ஒரு மணி நேரமாக வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிளாஸ்டிக் டியூபை இன்னும் கழற்றவில்லை, ஒரு குமிழிகூட இல்லை. ஊர் மெக்கானிக்கையும் அழைத்து அந்த டியூபைக் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, தமக்கும் ஒரு முழம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.